எங்கே போகிறாய் என்று கேட்கப்படாது

அந்த வேலை எனக்குக் கிடைக்காமல் போனதற்கு நான் காரணம் இல்லை. இதை ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒருவரும் நம்புவதாயில்லை.

எங்கள் வீட்டுச் சட்டம் இது: நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது யாராவது "எங்கே போகிறாய்" என்று கேட்டுவிட்டால் காரியம் பாழ். திரும்பி வந்து, கதிரையில் உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படவேண்டும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்த அம்மா, இந்தச் சட்டத்தை மட்டும் பத்திரமாகக் கொழும்பு வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்திருந்தார். (நாலாம் மாடி வீடு. லிஃப்ட் பழுது.)

எட்டு மாதம் சும்மா இருந்தவனுக்கு வந்த முதல் நேர்முக அழைப்பு அது. கொட்டாஞ்சேனையில் ஒரு கம்பனி, காலை ஒன்பது மணி. நேரத்துக்கு முன்னமே போய் நின்றால்தான் மதிப்பு என்று வீடியோ பார்த்துப் படித்திருந்தேன். ஏழரைக்கே காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டேன்.

வாசலில் எதிர்வீட்டு அன்ரி. "தம்பி, டையும் கட்டி எங்கை போறியள்?" அம்மா உடனே தண்ணீரை நீட்டினார். கீழே இறங்கினால், மூன்று வருடமாக என்னோடு ஒரு வார்த்தை கதைத்திராத வாச்சர் அதையே சிங்களத்தில் கேட்டார். பல்கனியிலிருந்து அம்மா கையைக் காட்ட, மறுபடி நாலு மாடி. மூன்றாம் தரம் இறங்கிவந்து ஓட்டோவை மறித்தேன். எங்கே போகவேண்டும் என்று கேட்டான் படுபாவி. ஓட்டோக்காரன் வேறு என்னத்தைக் கேட்பான்? அதுவும் சேர்த்தியா என்று மேலே பார்த்துக் கத்தினேன். சேர்த்திதானாம்.

இருபத்திநாலு வயது, கையில் டிப்ளோமா. பேசாமல் ஓட்டோவில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம்.

அடுத்த ஓட்டோக்காரன் வாய் திறக்குமுன் இடத்தை நானே சொல்லி, கொட்டாஞ்சேனையில் போய் இறங்கியபோது ஒன்பது நாற்பது. சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. மனேஜர் ஒரு தமிழ் அம்மா, நல்ல மனுசி. ட்ராஃபிக் என்று நான் சொன்ன பொய்யை நம்பினார், படிப்பைப் பற்றி விசாரித்தார், சிரிக்கக்கூடச் செய்தார். வேலை கைக்கு வந்த மாதிரித்தான் இருந்தது.

"சரி தம்பி, இன்னும் அஞ்சு வருசத்திலை நீங்கள் எங்கை போகப் போறியள்?"

ஒரே காலையில் நாலாவது தரம். காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம் முழுக்கப் பொங்கிவிட்டது.

"மேடம், வெளிக்கிட்ட ஆளிட்டை அதைக் கேக்கப்படாது," என்றேன். பிறகு, பழக்கதோஷம், "தண்ணி ஒருக்காத் தாங்கோ."

தந்தார். குடித்தேன். கடிதம் வரவேயில்லை.

இன்றைக்கும் நான் செருப்பைப் போட்டால் போதும், தங்கச்சி ஒரு கிளாஸ் தண்ணீரோடு வாசலில் வந்து நிற்பாள். கடைக்குப் பாண் வாங்கத்தான் போகிறேன் என்று சீறுவேன்.

"நான் உன்னைக் கேட்டனானோ அண்ணா?" என்பாள்.