சம்பந்தியை அருவியில் இறக்கிய கதை

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் சம்பந்தியை முதலில் இறங்கச் சொன்னேன். இதை மழுப்பிச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குச் சில வருடம் கழித்து, கனடாவில் மொன்றியலில் கணினி வேலையிலிருந்த என் மகன் அங்கேயே ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை மணந்தான். நான் முறுக்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகவில்லை. பேரன் பிறந்த பிறகுதான் விமானம் ஏறினேன். “அவங்க மனசு கோணாம நடந்துக்கோங்க” என்று மனைவி வழியெல்லாம் ஓதினாள்.

மருமகளின் அப்பா பெயர் குணம்; துறைமுகத்தில் வேலை. நாங்கள் இருவரும் பழகட்டும் என்று விடுப்பெடுத்து, வடக்கே காட்டுக்குள் இருந்த ஓர் அருவிக்கு என்னைக் காரில் கூட்டிப்போனார். வழிநெடுக நான் குற்றாலப் பெருமை பேசினேன். (தென்காசிக்காரன். எங்களுக்கு அருவி என்றால் குளிக்கத்தான். உட்கார்ந்து பார்க்கச் சினிமா இருக்கிறது.) இறங்கியதும் பையிலிருந்து நல்லெண்ணெயை எடுத்தேன்.

“என்ன அண்ணை, எண்ணெயோ?”

“தேய்ச்சுட்டு அருவியில நின்னா உடம்புவலி ஓடிரும், சம்பந்தி.”

“இஞ்ச ஒருத்தரும் குளிக்கிறேல்லை. இப்பதான் பனி உருகினது.”

“அப்ப நாம ஆரம்பிச்சு வைப்போம்.”

மரியாதைக்காக அவரும் தலையைக் காட்டினார். எண்ணெய் வழிய, துண்டு கட்டிய இரண்டு கிழவர்களைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு விலகியது.

அவர் சட்டையை மடித்து வைப்பதற்குள் நான் கால் பெருவிரலை நனைத்துப் பார்த்தேன். விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று.

“தண்ணி எப்பிடி அண்ணை?”

“அருமை. நீங்க முதல்ல.”

இறங்கியவர் முருகனைக் கூப்பிட வாய் திறந்தார். ‘மு’ மட்டும் வந்தது. நான் இழுத்து வெளியே போட்டபோது உதடு நீலம்.

அருகே மரத்தாலான சிறு கடையில் சூடாகக் கிடைத்தது பூட்டீன்தான்: பொரித்த உருளைக்கிழங்கு, பாற்கட்டி, மேலே பழுப்புக் குழம்பு. அவர் முதல் கிழங்குத் துண்டை எனக்கு நீட்டினார். “சாப்பிடுங்கோ அண்ணை, பசிக்கும்.”

வாங்கித் தட்டிலேயே வைத்துவிட்டேன். (ருசியைக் குறை சொல்ல மாட்டேன், பிறகு இரண்டு தட்டு காலி செய்தேன்.)

“விரலை வச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னேன், சம்பந்தி. கல்யாணத்துக்கு வராததும் தப்புதான்.”

அவர் முள்கரண்டியால் அருவியைக் காட்டினார். “போங்கோ. பேந்து கதைப்பம்.” (‘பேந்து’ என்றால் பிறகு.)

போனேன். என் அலறலில் கடைக்காரி வெளியே ஓடிவந்தாள். அவர் துண்டோடு நின்று, இருமி இருமிச் சிரித்தார்.

இன்றும் சம்பந்தி வீட்டில் குழாயில் வெந்நீர் வருகிறதா என்று என்னிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

அன்றிரவு மொன்றியலில் அவர் வீட்டில் இருவரும் காய்ச்சலோடு ஒரே அறையில் கிடந்தோம். நான் போகாத கல்யாணத்தின் வீடியோவைப் போடச் சொன்னேன். அதில் தாலி கட்டும் நேரத்தில் அவர் மணவறையை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரைத் தேடுறீங்க, சம்பந்தி?”

போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னார்: “பிளேன் பிந்திப்போச்சாக்கும் எண்டு நினைச்சன், அண்ணை.”