நிர்வாகியை அணுகவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் உடம்பளவில் நலம். கம்ப்யூட்டருக்குத்தான் நலமில்லை. உங்கள் வீட்டு நலத்தை உன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இந்த மாதம் மட்டும் பதினேழு முறை போன் செய்தேன். உன் எண்ணுக்கு அடித்தால் மணி அடித்து ஓய்கிறது. உன் மனைவியின் எண்ணுக்கு அடித்தால், நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். காலை ஏழு மணிக்கும் குளிக்கிறாய், மத்தியானம் மூன்று மணிக்கும் குளிக்கிறாய். நாலு மாதமாக ஒரு மனிதன் இப்படித் தண்ணீரில் ஊறினால் சளி பிடிக்காதா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அவளைக் கோபிக்காதே, பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண். சொல்லும்போதே குரல் நடுங்குகிறது. முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். ஆளில்லாத வீட்டில் அடிக்கிற மணிக்கும், ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிற மணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் நீ குளித்துவிட்டு வரும்வரை காத்திருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அந்தச் சண்டையைப் பற்றிய கடிதம் இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று தீர்மானித்துத்தான் பேனாவை எடுத்தேன். அக்காவுக்குப் பொழுது போகட்டும் என்று நீ கம்ப்யூட்டர் வாங்கி வந்தாய், எனக்கு இங்கிலீஷ் தகராறு என்று எல்லாவற்றையும் தமிழில் வரும்படி செய்தாய், அதற்கெல்லாம் நான் நன்றி மறக்கவில்லை. ஆனால் திரையைத் திறந்ததும் இரண்டு வட்டம் வந்ததே, ஒன்றில் உன் போட்டோ போட்டு ‘நிர்வாகி’ என்றும், இன்னொன்றில் முகமே இல்லாத ஒரு சாம்பல் தலையைப் போட்டு ‘விருந்தினர்’ என்றும், அதை உன் மாமா எழுத்துக் கூட்டிப் படித்த அந்த நிமிஷத்திலிருந்துதான் நமக்குப் போதாத காலம். என் வீட்டு மேசை, என் வீட்டுக் கரண்ட், இதில் நான் விருந்தாளி, வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகிறவன் நிர்வாகியா என்று அவர் கேட்டார். கேட்டது தப்புதான். அது ஒரு பாதுகாப்புக்கு, மாமா, என்று சொல்லிவிட்டு நீ பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாயா?

“உங்க கையில சாவியக் குடுத்தா வண்டியப் பள்ளத்துல விட்டுடுவீங்க மாமா.”

இருபத்தொன்பது வருஷம் பேருந்து ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காமல் ஓய்வு பெற்ற மனிதரிடம் இதைச் சொல்கிறாய். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நீ அவருக்கு முன்னால் எழுந்தாய். இரண்டு பேரும் சாப்பிடாமல் விட்ட சாப்பாட்டை நான் ஒருத்தி இரண்டு நாள் சுடவைத்துச் சாப்பிட்டேன். சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி.

நீ போன மறுநாள் விருந்தினர் வட்டத்தைத் தொட்டேன். பாஸ்வேர்ட் கேட்டு ஒரு கட்டம் வந்தது. அதில் ஒன்றும் எழுதாமல் அப்படியே என்டரைத் தட்ட வேண்டும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் யார், எங்கிருந்து என்று கேட்காமல் ஒரு இணைப்பைக்கூடக் கொடுத்துப் பழகாதவளுக்கு, ஒரு கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு உள்ளே நுழைய எப்படி மனசு வரும்? மரியாதைக்கு என் பெயரை எழுதினேன். தவறு என்றது. அப்பா பெயரைச் சேர்த்து எழுதினேன். தவறு. நீ வைத்திருப்பாய் என்று நினைத்து உன் பிறந்த தேதியை எழுதினேன், அதுவும் தவறு. உன் மாமா பின்னால் நின்றுகொண்டு, முகவரியும் கொடு, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் திறக்கட்டும் என்றார். ஐந்தாவது தவறில் திரை இருண்டு, ‘கணக்கு பூட்டப்பட்டுள்ளது. நிர்வாகியை அணுகவும்’ என்று வந்தது. அணுகினேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய்.

அரைமணி கழித்து அதுவே மனமிரங்கித் திறந்துகொண்டது. அதன்பிறகு கட்டத்தை வெறுமனே விடப் பழகிக்கொண்டேன், இப்போதும் மனசுக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. எங்கள் ஓய்வுபெற்ற ஆபரேட்டர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன் அல்லவா, நாற்பத்திரண்டு பேர், பெயர், முகவரி, எந்தக் காது கேட்காது என்கிற குறிப்பு உட்பட, ஒற்றை விரலால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒரே மூச்சில் அடித்தேன். அடித்து முடித்து, சேமித்து, அது போய் உட்கார்ந்த இடத்தையும் பார்த்து வைத்துக்கொண்டு, முறையாக வெளியேறினேன். மறுநாள் திறந்தால் பட்டியல் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு உன் மாமா மேல்தான் சந்தேகம் வந்தது. அவர் எந்நேரமும் பழைய எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற வீடியோவாகப் பார்த்துக்கொண்டு, பார்த்து முடித்தால் எதையும் மூடாமல், மடிக்காமல், அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர். எதையாவது தட்டிக் கெடுத்திருப்பார் என்று அவரோடு நாலு நாள் பேசவில்லை. பேசாமலேயே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பட்டியலை மறுபடி அடித்தேன். முறையாக வெளியேறினேன். மறுபடி காணாமல் போயிற்று. இப்படி ஆறு முறை, தம்பி. நாற்பத்திரண்டு முகவரியும் எனக்கு இப்போது மனப்பாடம். தூக்கத்தில்கூட கதவு எண் சொல்கிறேனாம்.

கடைசியில் எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் மருத்துவமனையில் மூன்று கம்ப்யூட்டர் இருக்கிறது, ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வந்தவர் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துத் திரைக்குப் பின்னால் அடித்துப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, விட்டுவிட்டு வருகிறதா, தொடர்ந்து இருக்கிறதா என்று கேட்டார். பிறகு என்னை நடந்ததை எல்லாம் செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டினேன். வெளியேறுகிற இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, விருந்தினர் கணக்கு என்றால் வந்தவர் வெளியே போனதும் அது அறையைப் பெருக்கித் துடைத்துவிடும், அவர் வைத்துவிட்டுப் போன எதையும் விட்டுவைக்காது என்று விளக்கினார். ஆக, ஆறு முறையும் அழித்தது நான். பேச்சு முடிந்ததும் இணைப்பைப் பிடுங்காத பெண்ணுக்கு எங்கள் மேற்பார்வையாளரிடம் அன்றைக்குச் சரியான பாட்டு கிடைக்கும். அந்தப் பயத்தில் வந்த பழக்கம், முப்பத்தோரு வருஷப் பழக்கம், நாற்பத்திரண்டு பேரையும் ஆறு முறை தீர்த்துக்கட்டியிருக்கிறது. சோம்பேறித்தனமாக மூடாமல் போட்டுவிட்டுப் போன உன் மாமா செய்ததுதான் சரி. அவரிடம் இதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, நீயும் சொல்லாதே.

அதற்கப்புறம் நானும் வெளியேறாமல் இருந்து பார்த்தேன். சமையல்கட்டில் நிற்கும்போதெல்லாம் உள்ளே ஒரு இணைப்பு திறந்து கிடக்கிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கரண்ட் போயிற்று. பட்டியலும் போயிற்று. டாக்டர் ஒரு பென் டிரைவ் கொடுத்து இதில் போட்டு வையுங்கள் என்றார். செருகினேன். ‘இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.’ கம்ப்யூட்டர் வாங்கிய கடையின் உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண் என்னை இருபது நிமிஷம் காத்திருக்க வைத்தாள், தொழிலே தெரியவில்லை, ‘இதோ பார்க்கிறேன் அம்மா’ என்று நடுநடுவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? திரும்பி வந்து, உங்கள் நிர்வாகி வீட்டில் இருக்கிறாரா அம்மா என்று கேட்டாள். அவன் நல்லபடியாக இருக்கிறான் அம்மா, எங்கள் வீட்டுக்குத்தான் வருவதில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஊரில் யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துவிட்டவள் நான். கூடப் பிறந்தவனை என்னால் பிடிக்க முடியவில்லை.

உன் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டால், கூப்பிட்டுக்கோ, எனக்கென்ன என்கிறார். சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தைக் குறைக்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று டாக்டர் சொன்னபோது, அதெல்லாம் யாரும் கைவைக்க வேண்டாம், போட்டவன்தான் எடுக்கணும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மனிதருக்கு வயது ஏற ஏற வீம்பும் ஏறுகிறது. உனக்கோ சின்ன வயதிலிருந்தே அது நிறைய. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. நிஜமாகவே அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன், அப்புறம் நானே போய்ச் சாத்துகிறேன்.

ஆகவே நீ வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், குளிக்க வேறு வேண்டும். அந்த நிர்வாகி பாஸ்வேர்டை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டுவிடு. அது இருந்தால் இரண்டே நிமிஷத்தில் எனக்கென்று ஒரு கணக்குப் போட்டுத் தந்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். அதன்பிறகு உன்னை நான் எதற்கும் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. இனிமேல் உண்மையையே சொல்லச் சொல், எனக்கு அது இன்னும் சுலபமாக இருக்கும். குழந்தைகளுக்கு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நீ குறிப்பாகச் சளி இல்லாமல், நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
(விருந்தினர்)

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையில் உன் முகவரியை எழுத உட்கார்ந்தபோது என் கண்ணாடியைக் காணவில்லை, உன் மாமாவுடையதை எடுக்கலாம் என்று அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். உள்ளே நாலாக மடித்த ஒரு சீட்டு. உன் கையெழுத்து. ‘மாமா, நிர்வாகி பாஸ்வேர்ட் இதுதான். நான் பேசினது தப்பு.’ கீழே ஒரு எண். பத்தொன்பது வருஷம் உன் மாமா ஓட்டின வண்டியின் எண் அது. எஞ்சின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நீ கல்லூரிக்குப் போய்வந்த வண்டி. கம்ப்யூட்டரைக் கொண்டுவரும்போதே அதைத்தான் வைத்திருக்கிறாய், அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை.

கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போதே நீ அவர் கையில் திணித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அப்படியென்றால் நாலு மாதமாக அது இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது. நான் ஏழு முறை பட்டியல் அடித்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“குடுத்திருந்தா அன்னைக்கே எல்லாம் சரியாயிருக்கும். சரியாயிட்டா அவன் எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறான்?”

அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நீ காத்திருந்திருக்கிறாய். நீ வருவாய் என்று அவர் காத்திருந்திருக்கிறார். நடுவில் நான் முகவரி அடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு பேருமாகப் போய் உன் போட்டோவைத் தொட்டு அந்த எண்ணைப் போட்டோம். உடனே திறந்துகொண்டது. எனக்கென்று ஒரு கணக்குப் போடுவதற்கான இடமும் டாக்டர் சொன்ன மாதிரியே கண்முன்னால் வந்து நின்றது. நான் விரலை நீட்டினேன். உன் மாமா, வேண்டாம், மூடிடு என்றார். மூடிவிட்டேன்.

அதனால் பாஸ்வேர்ட் அனுப்ப வேண்டாம். கம்ப்யூட்டர் சரியாகவே இல்லை, நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார். ஒரே நாளில் சரிபண்ணிவிடாதே.