பெட்ரோல் டேங்கில் ஓர் உழவாரப் பணி

ஆணவம், கன்மம், மாயை என மலங்கள் மூன்று. நான்காவதாக ஒன்று உண்டு. அது என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருந்தது.

‘மகுடேஸ்வரன் நிட்வேர்ஸ்.’ ஒவ்வோர் எழுத்தாக வெட்டி ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர். மகுடேஸ்வரன் என் மனைவி பூவாத்தாளின் அண்ணன். பனியன் கம்பெனி முதலாளி. என் அறுபதாம் கல்யாணத்துக்கு, தம் கம்பெனியில் ஓடித் தேய்ந்த வண்டியைச் சீராகக் கொடுத்தார். வண்டி எனக்கு, பெயர் அவருக்கு.

அடியேன் மணியன். கோயில்தோறும் சென்று புல் செதுக்கி, பிராகாரம் கழுவும் உழவாரப் பணிக் கூட்டத்தின் தலைவன். சென்ற மாதம் அவிநாசியில் பணி நிறைவுற்றதும் ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்: “பொன்னாடை பெற்றுக்கொள்ள மகுடேஸ்வரன் ஐயா மேடைக்கு வரவும்!” வண்டியைப் பார்த்துப் பெயர் குறித்திருக்கிறார்கள். வேர்வை என்னுடையது, பொன்னாடை மைத்துனர் பெயருக்கு.

வரும் ஞாயிறு திருமுருகன்பூண்டியில் பணி. அதற்குள் அப்பெயரை நீக்குவதெனச் சங்கற்பம் செய்துகொண்டேன். மனைவியிடம் ஜாடையாகச் சொல்லியும் பார்த்தேன்.

“ஏம்புள்ள, அந்த ஸ்டிக்கர் பழசாயிருச்சல்லோ?”

“அதுக்கு?”

“ஓரமெல்லாம் பேந்துக்கிட்டு வருது.”

“நீங்களுந்தான் பழசாயிட்டீங்க. பேத்தா எறிஞ்சுட்டோம்?”

“அதுக்குச் சொல்லல...”

“இங்க பாருங்க. அது எங்கண்ணன் பேரு. உங்க நகம் பட்டுதுன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன். நாளைக்கு வெள்ளகோவில்ல வளைகாப்பு. காலைல போனா பொழுதோடதான் வருவேன். அதுவரைக்கும் வண்டி பக்கத்துலயே போயராதீங்க, சொல்லிப்போட்டேன்!”

மனைவி ஊருக்குப் போவது வரம். திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போவது பெருவரம்.

மறுநாள் அவள் தெருமுனை தாண்டியதும் வண்டியைக் கொல்லைப்புறம் தள்ளினேன். அங்கே திருவருளின் திறம் கண்டேன். துவைக்கிற கல்லின் மேல் தேங்காய் எண்ணெய். பக்கத்தில் ஷாம்பு. ஒரு கூடை பனியன் வேஸ்ட், அதாவது கழிவுத் துணி. மகள் விட்டுச்சென்ற, தலைமுடி உலர்த்தும் யந்திரம்கூட ஜன்னலோரம் வயர் நீட்டிக் காத்திருந்தது. கேளாமலே தருபவன் இறைவன் என்று கைகூப்பினேன்.

வெப்பக்காற்றில் ‘ம’ முதலில் இளகியது. மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு நாகஜோதி. தெற்கத்திப் பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

“என்ன பெரியப்பா, வண்டிக்குத் தல காய வைக்கீயளோ?”

“உழவாரப் பணிம்மா.”

“டேங்குக்குள்ளயா சாமி இருக்காரு?”

“தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்.”

“அப்பம் அந்தப் பசையிலயும் இருப்பாருல்லா? பாத்துச் சொரண்டுங்க!”

எழுத்துகள் உரிந்தன, பசை உரியவில்லை. பொருளை விடலாம், பற்றை விடுவது அரிது என்று ஆண்டுக்கணக்காகப் பிறருக்குச் சொல்லி வந்தவன், அன்றுதான் கைவலியோடு உணர்ந்தேன். எண்ணெய் தடவி ஊறவைத்தேன். காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் வழித்தேன். பனியன் வேஸ்ட் கொண்டு தேய்த்தேன். ஷாம்பு போட்டுத் திருமஞ்சனம் செய்தேன். பின்னர் நான்கடி விலகி நின்று தரிசித்தேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

பல்லாண்டு வெயிலில் டேங்க் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. எழுத்துகளுக்கடியில் வெயில் படாத இடம் மட்டும் புத்தம் புதுச் சிவப்பு. ‘மகுடேஸ்வரன் நிட்வேர்ஸ்!’ முன்பு ஒட்டியிருந்த பெயர் இப்போது ஊறியே இருந்தது. அழுத்தித் தேய்த்தேன். மெருகேறிற்று. தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

கேட் கிரீச்சிட்டது. பொழுது சாய்ந்து வருவதாகச் சொன்னவள் நண்பகலிலேயே வந்து நின்றாள்.

“என்னங்க இது?”

“தூசி தொடச்சேன், புள்ள.”

“தூசியோட எழுத்தும் போயிருச்சாக்கும்?”

“போகலையே! நல்லாப் பாரு. முன்னைக்கு இப்பத்தான் பளிச்சுனு இருக்குது!”

அப்பெயருக்காக நானே வாதாடும் நிலை வந்தது. சீறுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ டேங்கைத் தடவிப் பார்த்தாள்.

“துளி பசை இல்லீங்க! கோடு கீறல் இல்லீங்க!”

செல்போனை எடுத்து அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். பைக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தாள். ‘மகுடேஸ்வரன் எக்ஸ்போர்ட்ஸ்.’ டேங்க் முழுவதையும் போர்த்தும் அகலம்.

“எங்கண்ணன் கம்பெனி எக்ஸ்போர்ட்ஸ் ஆயிருச்சுங்க. பழசச் சொரண்டிப்போட்டுத்தான் புதுசு ஒட்டோணுமாம். நான் சொரண்டச் சொல்லியிருந்தா நீங்க சொரண்டியிருப்பீங்களா?”

“வளைகாப்பு?”

“அது அடுத்த மாசமுங்க.”

“அப்போ அந்த எண்ணெய், பனியன் வேஸ்ட்...”

“பின்ன? சாமியா வந்து எடுத்து வெச்சுது?”

“இத ஒட்ட விடமாட்டேன்!” என்று முழங்கினேன்.

“வேண்டாமுங்க. ஞாயித்துக்கெழம பூண்டிக்கு இப்பிடியே போங்க. நல்லாத்தான் மின்னுது.”

புதுப்பெயரா, பழம்பெயரா? எதுவாயினும் மகுடேஸ்வரனே. குமிழ் விழாமல் ஓரம் பிடித்து ஒட்டியவன் அடியேன்தான்.

“கம்பெனி வண்டி அத்தனையையும் சொரண்ட ஆளில்லைன்னு எங்கண்ணன் கவலப்பட்டாரு. எங்கூட்டுக்காரரு உழவாரப் பணில பேர் போனவரு, அதைக் காசு வாங்காம செய்யறவருன்னு சொன்னேனுங்க” என்றாள்.

தெருவில் ஹாரன் ஒலித்தது. கேட்டைத் திறந்தேன். கம்பெனியின் மற்ற வண்டிகள் எல்லாம், பழைய ஸ்டிக்கரோடு, வரிசையில் நின்றன.