நிற்பதும் இழுபடுவதும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை என்று சூப்பர்வைசர் தீர்மானித்திருந்தார்.

அறுபது அறை ஓட்டலில் துப்புரவுப் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். பதினாறு வருஷ சர்வீஸ். துடைப்பத்தைத் தொட்டதில்லை, சுட்டிக்காட்டியதோடு சரி. சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் இரண்டு தூசு உறிஞ்சும் மெஷின்களை அவர் தலையில் கட்டினார். ஒன்று நிற்கும் மெஷின். நெட்டை, மோட்டாரும் பையும் தண்டிலேயே இருக்கும், முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மற்றது இழுவை மெஷின். குள்ள உருளை, நீளக் குழாய். இழுத்தால் பின்னாலேயே உருண்டு வரும்.

"எதை வாங்கலாம்னு திங்கட்கிழமை காலையில ரிப்போர்ட் வேணும். போன தடவை மாதிரி ஓட்டிப் பார்க்காம எழுதினீங்கன்னா, சலவைப் பிரிவுக்கு மாத்திடுவேன்."

ஓட்டியாக வேண்டும். ஆனால் தாம் ஓட்டக் கூடாது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே திட்டம் தயாராகிவிட்டது.

மனைவி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். கதவைத் திறந்தவளிடம் குரலில் தேன் தடவிச் சொன்னார்:

"உனக்காகத்தான் தூக்கிட்டு வந்தேன். தினமும் குனிஞ்சு குனிஞ்சு பெருக்குற. இதுல குனியவே வேண்டாம். சின்னப் பிள்ளைகூட ஓட்டலாம்."

"அப்படியா?"

"முதுகுக்கு அவ்வளவு நல்லதாம். டாக்டருங்களே சொல்றாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் விழுங்கியிருக்கலாம். ஆறு மாதமாக வீட்டில் அவருக்கு முதுகுவலி. குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவரே சொன்னது. கீழே விழுந்த சாவியைக்கூட மனைவிதான் எடுத்துக் கொடுப்பாள்.

"ஏங்க, அப்ப இது உங்களுக்குன்னே செஞ்சது" என்றாள். "இதை நான் ஓட்டினா, நோயாளி மருந்தைப் பிடுங்கிக் குடிச்ச பாவம் வந்து சேரும்."

"இல்லம்மா, நான் உக்காந்து குறிப்பு எடுக்கலாம்னு..."

"குறிப்பு நான் எடுக்கிறேன். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதே அதைத்தானே."

"சரி, ஆளுக்கு ஒண்ணா ஓட்டலாம்."

"ரெண்டு கை பட்டா சோதனை கெட்டுடும். மெஷினைத்தான் மாத்தணும். ஆளை மாத்தக் கூடாது. மாத்த வழி இருந்திருந்தா நான் எப்பவோ யோசிச்சிருப்பேன்."

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சோதனை தொடங்கியது.

நிற்கும் மெஷின் கூடத்தில் ராஜநடை போட்டது. கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னால் தலையை இடித்துக்கொண்டு நின்றது. 'வணங்காமுடி' என்று மனைவி எழுதினாள். இழுவை மெஷினின் குழாய் அதே கட்டிலுக்கு அடியில் நுழைந்து, போன வருஷம் தொலைந்த சீப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. ஆனால் உருளை, திரும்பிய பக்கமெல்லாம் அவர் கணுக்காலை முட்டியது.

"அடுத்து மாடிப்படி."

"படி எதுக்கும்மா?"

"உங்க ஓட்டல்ல விருந்தாளிங்க பறந்தா மேல போறாங்க?"

மூன்று மாடி. நிற்கும் மெஷினைப் படிக்குப் படி குழந்தையைப் போலத் தூக்கி வைத்தார். இழுவை மெஷினை ஒரு படியில் வைத்தால் குழாய் நாலு படிக்கு எட்டியது. படி முடிந்ததும் அவருக்கு ஒரு நிம்மதி பிறந்தது. "தரைவிரிப்புலயும் பார்க்கணும். என்ன செய்ய, நம்ம வீட்டுலதான் இல்லையே."

"பக்கத்து வீட்டுல இருக்கு. காலையிலேயே சொல்லி வச்சுட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே காத்திருந்தாள். "வாங்கண்ணா. சோபாவைக்கூட நகர்த்தி வச்சிருக்கேன். முதுகுவலிக்கு நல்லதாமே, அக்கா சொன்னாங்க."

நிற்கும் மெஷினின் பிரஷ் சுழன்று, அவள் நாயின் இரண்டு வருஷத்து முடியை விரிப்பிலிருந்து பிடுங்கிக் கொடுத்தது. அதை வைத்து இன்னொரு நாயே செய்யலாம்.

"இப்ப இழுவை மெஷின்" என்றாள் மனைவி.

"அழுக்குதான் போயிடுச்சே."

"எங்க போச்சு? பையிலதானே இருக்கு. கொட்டிட்டு மறுபடி எடுங்க. ரெண்டுக்கும் ஒரே அழுக்கு வேணும்."

அவர் பக்கத்து வீட்டுக்காரியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொட்டுங்கண்ணா. நீங்கதானே எடுக்கப் போறீங்க."

சாயங்காலம் அவருக்கு நிஜமாகவே முதுகு வலித்தது. வெளியே சொல்ல முடியவில்லை. அந்தச் செய்தியை ஆறு மாதம் முந்தியே சொல்லித் தீர்த்துவிட்டார். மனைவி ரிப்போர்ட்டை முத்து முத்தாக எழுதி நீட்டினாள். கண் சொருகியபடியே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் அதை ஒரு வரி விடாமல் படித்தார்.

"நிஜமாவே ஓட்டிப் பார்த்திருக்கீங்க. அகலமான விரிப்புக்கு நிக்கிறது. படிக்கும் கட்டிலடிக்கும் இழுவை. ரெண்டுலயும் வாங்கிடலாம். சலவைப் பிரிவை மறந்துடுங்க." பக்கத்தைத் திருப்பினார். புருவம் உயர்ந்தது. "ஆமா, நான் ரெண்டு மெஷின்தானே கொடுத்தேன்?"

"ரெண்டுதான் சார்."

மேனேஜர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

'மூன்றாவது மாடல்: நில் என்றால் நிற்கும். இழுத்த இழுப்புக்கு வரும். முதுகில் கோளாறு எதுவும் இல்லை. நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாயிற்று. விற்பனைக்கு அல்ல.'

அதற்குக் கீழே, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு, அவருடைய கையெழுத்து.