அனுமதிப் பெருவிழா

அலுவலகங்களில் கெட்ட மேலதிகாரி என்று ஓர் இனம் உண்டு. அதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் நீங்களே பத்துப் பக்கம் எழுதித் தருவீர்கள். இங்கே சொல்ல வந்தது இன்னோர் இனம். கெட்ட மேலதிகாரியிடம் சிக்கிச் சீரழிந்து, 'நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படி இருக்கவே மாட்டேன்' என்று சபதம் செய்து, நாற்காலி கிடைத்ததும் சபதத்தை நிறைவேற்றி, நிறைவேற்றிய செய்தியைத் தினமும் ஒருவரையாவது நிற்கவைத்துச் சொல்லியே தீருகிற இனம். திட்ட மாட்டார். கத்த மாட்டார். விடவும் மாட்டார்.

விஜய்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சேஷகிரி என்கிற அதிகாரியிடம் ஏழு வருடம் குப்பை கொட்டி, ராத்திரி வகுப்பில் கணினி படித்து, இன்று வைட்ஃபீல்டில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்துதரும் நிறுவனமொன்றில் ஒன்பது பேருக்கு மேலாளர். தனி அறை கொடுத்தார்கள்; வேண்டாம் என்றுவிட்டார். யாரும் தன்னிடம் கூச்சமில்லாமல் வரவேண்டும் என்று, லிஃப்டுக்குப் போகிற வழியிலேயே மேசையைப் போட்டுக்கொண்டார். விளைவு என்ன? அவரிடம் போகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

சாயங்காலம் ஒருவர் பையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தால் போதும். "கெளம்பியாச்சா? நல்லது நல்லது. ரெண்டு நிமிஷம், உக்காருங்க" என்பார். உட்கார்ந்தவருக்குச் சேஷகிரி காலத்துக் கொடுமைகள் பரிமாறப்படும்: சேஷகிரி ஒரு தடவைகூட 'வணக்கம்' சொன்னதில்லை, பிறந்தநாளுக்கு வாழ்த்தியதில்லை, ஏழு வருடத்தில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம், ஆகையால்தான் விஜய்குமார் மனிதர்களோடு மனம்விட்டுப் பேசுகிறார். கேட்டவர்கள் மனம்விட்டுப் போயிருந்தார்கள். சுஹாஸ் என்கிற பையன் ஆறு மணியானால் தீ விபத்துக்காகக் கட்டிய பின்படிக்கட்டு வழியாக இறங்கிவிடுவான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி நடந்தபோது அவர்கள் இருந்த நான்காவது மாடி மட்டும் ஒன்றரை நிமிடத்தில் காலியானது. விஜய்குமாருக்குத்தான் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

பின்படிக்கட்டு வழியாகப் போகாத ஒரே ஆள் சங்கமித்ரா. அவளும் தங்கவயல்தான், தினமும் ரயிலில் வந்து ரயிலில் போகிறவள், வேலையில் கெட்டிக்காரி, சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று நினைக்கிறவள். அவளுடைய ஆறு வயது மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் மயில் வேஷம். வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு மேடை. ஊரில் நல்ல தோகை கிடைக்கவில்லை என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்கேயே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள். தங்கவயல் வழியாகப் போகும் ஐந்தே கால் மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்தால் மயிலுக்குத் தோகை உண்டு. அடுத்த வண்டி ஏழு மணிக்கு.

நாலரைக்குக் கிளம்ப வேண்டும் என்று திங்கட்கிழமையே கேட்டு, திங்கட்கிழமையே அனுமதியும் வாங்கியிருந்தாள். அன்றைக்கு அந்த அனுமதியைக் கொடுத்து முடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. வெள்ளிக்கிழமை சரியாக நாலரைக்கு, பையிலிருந்து தோகை எட்டிப்பார்க்க, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், கெளம்புறேன்."

"தாராளமா போயிட்டு வாம்மா. இதெல்லாம் எங்கிட்ட கேக்கவே வேணாம். நானும் அந்த வண்டில போனவன்தானே, எனக்குத் தெரியாதா? உக்காரு, ரெண்டு நிமிஷம்."

அவள் உட்காரவில்லை. அவரோ எழுந்து நின்றுகொண்டார். எதிரில் ஒருவர் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது சேஷகிரியின் பழக்கமாம்.

"எங்கப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஃபேக்டரிக்கு போன் வந்துச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, அன்னைக்கே ஆபரேஷன். நான் ஓடிப்போய் சேஷகிரி முன்னாடி நிக்கிறேன். கண்ணுல தண்ணி. அந்த மனுஷன் தலைய நிமுத்தலம்மா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. 'ஹோகு'ன்னாரு. கன்னடத்துல, 'போ'ன்னு. அவ்ளோதான். அந்த ஒத்தச் சொல்லு இன்னும் இங்க குத்துது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு தனக்குக் கீழே இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் எடுத்த முடிவுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் நல்ல முடிவு. சங்கமித்ரா ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்திலும் ஒரு கண்ணை மரியாதைக்காக அவர் முகத்திலும் வைத்திருந்தாள்.

நாலு ஐம்பத்தைந்துக்கு அவள் வாய் திறந்தாள். "அன்னைக்கு உங்களுக்கு வண்டி கெடச்சுதா சார்?"

"ம்? கெடச்சுது. அப்பாவ உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டேன். எங்கைய புடிச்சிக்கிட்டாரு. ஆனா விஷயம் அது இல்லம்மா. ஒரு மனுஷத்தன்மை வேணாமா?"

ஐந்து மணிக்கு அனுமதிப் பெருவிழா முடிந்தது. ஆட்டோ நெரிசலில் நின்றது. ரயில் நிலையத்து மேம்பாலத்தில் அவள் ஓடிக்கொண்டிருந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவளிடம் வந்து விசாரித்தார். அக்கறையில் குறை சொல்ல முடியாத மனிதர்.

"பாப்பா எப்படி ஆடுனா?"

"தோகை இல்லாமத்தான் ஆடுனா சார். கூட ஆடுன பசங்க கோழின்னு கூப்பிட்டாங்களாம்."

அவர் உண்மையிலேயே வருந்தினார். "அடடா. இந்த ரயில்வேக்காரங்களுக்குக் கொஞ்சம்கூட ஈரமே இல்லம்மா" என்றார். பிறகு தன் இடத்துக்குப் போய், குடும்ப நிகழ்ச்சிக்காகக் கேட்டதும் அனுமதி அளிக்கும் பண்பாட்டைப் பற்றி, அவள் பெயரைச் சொல்லியே, எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அது நான்கு பத்தி இருந்தது.

மறுநாள் சங்கமித்ராவிடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி. வேலையை விட்டு விலகுகிறேன், ஒரு மாதத்தில் விடுவிக்கவும்.

அந்த ஒரு வரி விஜய்குமாரைப் படுத்தியது. காரணம் இல்லை, விளக்கம் இல்லை, ஒரு நன்றிகூட இல்லை. சேஷகிரியே எழுதியதுபோல இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய கதையைத் தனக்குத்தானே ஒருமுறை ஓட்டிப்பார்த்தபோது, இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு துண்டு அதில் கிடப்பதைக் கண்டார். சேஷகிரி தலையை நிமிர்த்தவில்லை, சரி. ஏன் நிமிர்த்தவில்லை? தொழிற்சாலை கேட்டைத் தாண்டத் தேவையான அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தவரே அவர்தான். இவர் ஓடிவருவதற்குள் சீட்டு தயார். அதை இவர் பக்கம் தள்ளிவிட்டுத்தான் 'ஹோகு' என்றார். விஜய்குமார் டப்பாவை மூடினார்.

ஒரு மாதம் போனது. கடைசி நாள் மாலை நாலரைக்கு, சங்கமித்ரா வழக்கம்போல மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், கெளம்புறேன்."

விஜய்குமாரின் வாய் தானாகத் திறந்தது. 'ரெண்டு' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மனிதர் பல்லைக் கடித்தார். கண் கலங்கியது. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"போம்மா."

ஒரே வார்த்தை. அவள் திகைத்துப் போனாள். கும்பிட்டுவிட்டு நடந்தாள். லிஃப்ட் வந்தது, ஏறினாள், கதவு மூடப்போனது. மூடவில்லை. நடுவில் ஒரு கால் நின்றது.

"தப்பா நெனச்சுக்காதம்மா," என்றார் விஜய்குமார், மூச்சு வாங்க. "அங்க ஏன் ஒரே வார்த்தையோட நிறுத்துனேன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரெண்டு நிமிஷம்..."

சிரித்தீர்களா? உங்களுக்கு வாய்த்த மேலதிகாரிகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருப்பீர்கள், அவர்களைப்போல நீங்கள் இல்லை என்று ஒரு நிம்மதியும் வந்திருக்கும், அதை யாரிடமாவது விவரமாகச் சொல்ல வேண்டும்போலவும் இருக்கும். இருக்கட்டும். முதலில் தலையை நிமிர்த்தி எதிரே பாருங்கள். யாராவது பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தால், போகச் சொல்லுங்கள். ஏன் என்று விளக்க வேண்டாம்.