சாவு வீட்டுக்குக் கொடுத்த லைன்

சாவு வீட்டில் பெருமையடிக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும்; என் வாய்க்குத் தெரியாது.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்டவன். (அது இன்னும் நடக்கிறதாம், பாவம்.) ஆனாலும் திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரை வீட்டுக்கு வீடு இன்டர்நெட் ஓடுகிறதென்றால், அது என் கேபிளில்தான்.

அம்மையார்குப்பத்தில் என் சிநேகிதர் தறிக்கார நாதமுனி இறந்துபோனார். ஒரே மகன் குமாருக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. நைனா முகத்தை வீடியோவிலாவது பார்க்கவேண்டும் என்று போனில் அழுதான். அந்தத் தெருவில் செல்போனில் பேச்சு கேட்கும், படம் வராது.

"நான் எதுக்கு இருக்கறேன்? லைன் இழுத்துடறேன்" என்றேன், ஊரே கேட்கும்படி.

என் டெக்னீஷியன் திருப்பதிக்குப் போயிருந்தான்; போனிலும் கிடைக்கவில்லை. கேபிளைச் சொருகினால் மட்டும் நெட் வராது. ரவுட்டரில் வாடிக்கையாளரின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அடிக்கவேண்டும். அதைச் சரிபார்த்துத்தான் எங்கள் ஆபீஸ் மெஷின் கதவைத் திறக்கும். புது யூசர்நேம் உண்டாக்க எனக்குத் தெரியாது. (முதலாளிக்கு அதெல்லாம் எதற்கு?) மனப்பாடமாகத் தெரிந்தது என் வீட்டுடையது ஒன்றுதான். அடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா!" என்று கூட்டத்தைப் பார்த்தேன்.

குமார் முகம் வந்தது. வாயைத் திறந்தான். போய்விட்டது.

உடனே என் மனைவி போன் செய்தாள். "என்னங்க, டிவி நின்னு நின்னு வருது."

"ரவுட்டர ஆஃப் பண்ணிப் போடு."

அணைத்தாள், இங்கே குமார் வந்தான். போட்டாள், போய்விட்டான். மறுபடி போன், மறுபடி அதே வைத்தியம். தண்ணீரில் முழுகுகிறவன் போல அந்தப் பிள்ளை முகம் வந்து வந்து போயிற்று.

நாதமுனியின் அண்ணன் என் தோளைத் தொட்டார். "பொழுது சாயுதுப்பா. பையன் பாத்தானா இல்லியா?"

"இதோ வந்துகினே இருக்குதுண்ணா."

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் டெக்னீஷியன் போனில் கிடைத்தான். "உங்க வூட்டு யூசர்நேமா போட்டீங்க? ஒரே பேர்ல ரெண்டு எடத்துல நொழைஞ்சா, முன்னாடி இருக்கறத வெளிய தள்ளிடும். நீங்கதானே அப்படி வைக்கச் சொன்னீங்க?"

ஆமாம். ஒரு கனெக்‌ஷனைப் பக்கத்து வீட்டுக்காரனும் ஓசியில் ஓட்டக்கூடாதென்று நான் போட்ட சட்டம்.

வீட்டு ரவுட்டரை அணைக்கச் சொன்னேன். குமார் கண்ணாடிபோல் தெளிவாக வந்தான். பக்கத்திலிருந்தவர் செல்போனைத் திருப்பினார். கழுவிவிட்ட தரை தெரிந்தது.

"நைனா எங்க?" என்றான்.

இன்றும் எங்கள் வீட்டில் டிவி நின்றால் என் மனைவி ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவாள். "யாரும் ரவுட்டரத் தொடாதீங்க. எந்த ஊர் பொணமோ, புள்ள பாத்துட்டுப் போவட்டும்!" மருமகள்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு எழுந்துபோய் ரவுட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருப்பேன்.