கிளியரன்ஸ் அங்கிளின் கறுப்புக் குடை

கிளியரன்ஸ் அங்கிளுக்குத் தெரியாமல் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குள் ஒரு கரப்பான் பூச்சிகூட நுழைந்தது கிடையாது. உள்ளே இருந்தவை எல்லாம் அவர் பார்த்து அனுமதித்தவைதான்.

கப்பலில் வரும் சாமான்களைத் துறைமுகத்தில் பரிசோதித்து வெளியே விடுகிற ‘கிளியரன்ஸ்’ வேலையில் முடி நரைத்த மனிதர். பென்ஷன் எடுத்த மறுநாளே எங்கள் கட்டட வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மீன்காரர் லிஃப்டில் ஏறுமுன் செவுளைத் திறந்து காட்ட வேண்டும். புதிதாக வரும் ஃப்ரிட்ஜைத் தட்டிப் பார்ப்பார். மூன்றாம் மாடிக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை மறித்து, “தம்பி, பல்லெல்லாம் சொந்தப் பல்லோ?” என்று கேட்டார். அந்தப் பையன் லிஃப்டை விட்டுவிட்டுப் படியால் ஓடினான். நல்லவேளை, கீழ்ப்பக்கம் ஓடவில்லை. அங்கிள் இப்போது ஹெந்தளையில் தம்பி வீட்டோடு போய்விட்டார். மீன் கேட்பாரில்லாமல் மேலே வருகிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவர் கலியாணம் செய்யாதவர். ஆனால் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அவருடைய பிள்ளைகள். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு படம் பார்க்கப் போவார். அவருக்குத் தீபாவளியும் நத்தாரும் அந்த ஒரு பயணம்தான்.

படத்துக்கும் கிளியரன்ஸ் உண்டு. முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, லிஃப்ட் வாசலில் தாய் தகப்பன்மாரைக் கூட்டி அறிக்கை வாசிப்பார்.

“பேய் வாற இடம் ரெண்டு. ஒரு பாம்பும் வருது, ஆனா குணமான பாம்பு. பிள்ளையள் பாக்கலாம்.”

பாக்கலாம் என்பது பேச்சுக்குத்தான். தியேட்டரில் பேய் வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால் அங்கிள் எழும்பி, தன் பெரிய கறுப்புக் குடையைப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே டப்பென்று விரித்துப் பிடிப்பார். பின்வரிசைக்காரர் கத்துவார்கள். டோர்ச் லைட்டோடு ஓடி வரும் தியேட்டர் பெடியன், “மாத்தயா, குடே வஹன்ன!” என்று குடையை மடக்கச் சொல்லிக் கெஞ்சுவான்.

“பொட்டக் இன்ன மல்லி, யக்கா யனகங்!” என்பார் அங்கிள். பேய் போகும்வரை கொஞ்சம் பொறு தம்பி என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெடியனும் பாவம், பேய் போகும்வரை நிற்பான்.

பெற்றோருக்கு இதில் பரம திருப்தி. இரவில் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கினார்கள். பிள்ளைகளுக்குத்தான் வயிற்றெரிச்சல். எத்தனையோ மாயாஜாலப் படம் பார்த்தும் ஒரு பேயைக்கூட அவர்கள் கண்டதில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அரக்கனின் பல்லைப் பற்றிக் கதைக்கும்போது, எங்கள் பிள்ளைகளுக்குக் குடைக் கம்பியைப் பற்றி மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

பறக்கும் ஆமைப் படம் வந்தபோது கலகம் வெடித்தது. தலைவி, மேல்மாடித் தர்ஷி. வயது எட்டு. அங்கிளின் கதிரைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அங்கிள், குடை வந்தா நாங்கள் வரமாட்டம்.”

“மழை பெய்தா?”

“தியேட்டருக்குள்ள மழை பெய்யாது.”

“ஆர் சொன்னது? ஏசி ஒழுகும்.”

“அப்ப நாங்கள் அப்பா அம்மாவோட போறம்.”

அங்கிளின் முகம் செத்துப்போயிற்று. அன்று பின்னேரம் மீன்காரர் கூடையை இறக்கிச் செவுளைத் திறந்து காட்டியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “கொண்டு போ” என்று கையைக் காட்டிவிட்டார். அப்போதுதான் நிலைமையின் கடுமை எங்களுக்கு விளங்கியது. பிள்ளைகள் இல்லாமல் அந்த மனிதருக்கு விடுமுறை என்று ஒன்று இல்லை.

மறுநாள் சமாதானம் ஏற்பட்டது. குடை வரும், ஆனால் விரியாது. காவலுக்கு நானும் கூடப் போக வேண்டும்; குடை என் மடியில்தான் இருக்கும். இனிக் குடையை நம்பியிருக்க முடியாத பெற்றோரும், கண் பொத்துவதற்கென்று கூடவே கிளம்பினார்கள். அங்கிள் வழக்கம்போல அறிக்கை வாசித்தார்.

“அரக்கனுக்கு ரெண்டு கொம்பு. ஆள் சிவப்பு. கொஞ்சம் பொல்லாதவன்.”

ஒரு சின்னப் பையனுக்கு மட்டும் தெரிகிற ஆமை, அதை விழுங்கத் துடிக்கும் சேற்று அரக்கன், இதுதான் கதை. தாய்மாரின் ஹேண்ட்பேக்குகளில் ஒளித்துக் கொண்டுபோன மீன் பட்டிஸ் வரிசையில் கைமாறிக்கொண்டிருந்தபோது அரக்கன் சேற்றிலிருந்து எழும்பினான். பச்சை நிறம். கொம்பு கிடையாது. வாய் வயிற்றில் இருந்தது.

பெரியவர்கள் அலறிய அலறலில் பட்டிஸ் பறந்தது. கண் பொத்த வந்த தாய்மார் தங்கள் கண்ணையே பொத்திக்கொண்டார்கள். இரண்டாம் மாடித் தகப்பன், வங்கி மேனேஜர், என் தோளில் முகத்தைப் புதைத்தார். பிள்ளைகளோ சீட்டில் ஏறி நின்று கை தட்டினார்கள். “வயித்தில வாய்! வயித்தில வாய்!”

தர்ஷி மட்டும் திரும்பிக் கேட்டாள். “அங்கிள், கொம்பு எங்க?”

அங்கிள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, சீட்டின் கைப்பிடியைப் பிய்த்துவிடுவதுபோலப் பிடித்திருந்தார்.

“கண்ணை மூடிக்கொண்டோ கிளியரன்ஸ் குடுத்தனீங்கள்?”

“சத்தத்தை வச்சுச் சொன்னனான் பிள்ளை,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. “சத்தத்துக்குக் கொம்பு இருந்தது.”

இத்தனை வருடமாக அங்கிளும் ஒரு பேயைக்கூடக் கண்டதில்லை என்பது அன்றுதான் வெளியே வந்தது. எங்கள் வரிசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரிப்பு கடைசிக் காட்சிவரைதான். பையன் வளர்ந்துவிடுகிறான். ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறக்கிறான். ஆமை எதிரே நிற்கிறது. அவனுக்கு அது தெரியவில்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போகிறான். ஆமை கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு போய்விடுகிறது.

பெரியவர்கள் உடைந்துபோனார்கள். வங்கி மேனேஜர் மறுபடி என் தோளுக்கு வந்தார். பிள்ளைகள் கடைசிப் பட்டிஸ் யாருக்கு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தர்ஷி எங்களைப் பார்த்து முழித்தாள்.

“இப்ப ஏன் எல்லாரும் அழுறியள்? அது பார்ட் டூவில திரும்பி வரும்.”

வராது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் இருக்கவில்லை. அங்கிளின் அறிக்கையில் இந்தக் காட்சி இருக்கவில்லை. தனியாக வந்த அன்று இதை மட்டும் அவர் கண்ணைத் திறந்துதான் பார்த்திருப்பார். இப்போது சட்டைப் பையிலிருந்து எடுத்த லேஞ்சியால் முகத்தை மூடியிருந்தார்; தோள் குலுங்கியது. வளர்ந்ததும் அவரோடு படத்துக்கு வருவதை விட்டுவிட்ட பிள்ளைகள் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும்.

தர்ஷி சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். என் மடியிலிருந்த குடையை உருவி, அங்கிளின் முகத்துக்கு நேரே டப்பென்று விரித்துப் பிடித்தாள். பின்வரிசை கத்தியது. டோர்ச் லைட் ஓடி வந்தது.

“பொட்டக் இன்ன அய்யே!” என்று அவனை அதட்டிவிட்டு, என்னிடம் குனிந்து சொன்னாள். “பெரியாக்கள் இந்த இடம் பாக்கக் கூடாது.”

“கொஞ்சம் தள்ளுங்கோ அங்கிள்,” என்று நானும் அந்தக் குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.